முடிவிலி ஓர் எண்ணா? எந்தக் கணக்கின்படி?

மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்று தாம்பரம் பக்கம் பார்த்தால், தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோலத் தெரியும். ஒரு மாலை அங்கே ரயிலுக்காகக் காத்திருந்தபோது என் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"மாமா, இன்ஃபினிட்டி ஒரு நம்பரா இல்லையா? நம்பர் இல்ல, வெறும் குறியீடுன்னு மிஸ் சொல்றாங்க. ஆனா அவங்களே போர்டுல சமம்னு போட்டுப் பக்கத்துல அதைத்தான் எழுதுறாங்க. சமம் போட்டா அது நம்பர்தானே?"

"எண் இல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய அறிவாளிகளை அலைக்கழித்த கேள்வி அது. அன்று ரயிலில் பாதியும், வீட்டுக்கு வந்தபின் மீதியுமாக அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போர்டு விஷயம். 1-ஐ 0.1 ஆல் வகுத்தால் 10. 0.001 ஆல் வகுத்தால் 1000. பத்து லட்சத்தில் ஒரு பங்கால் வகுத்தால் பத்து லட்சம். வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க விடை வளர்ந்துகொண்டே போகிறது. நீங்கள் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும், அதையும் தாண்டும்படி வகுக்கும் எண்ணைச் சிறிதாக்கிவிட முடியும். இந்த நீளமான வாக்கியத்தைத்தான் ஆசிரியர் சுருக்கி "= ∞" என்று எழுதுகிறார். இரண்டும் மூன்றும் ஐந்து என்று எழுதும்போது வரும் சமக்குறி வேறு, இது வேறு. இங்கே வலப்பக்கம் இருப்பது, இடப்பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லும் ஒரு செய்தி மட்டுமே. அந்தப் போர்டைப் பொறுத்தவரை மிஸ் சொன்னது முழுக்கச் சரி.

இந்த வேறுபாடு தமிழில் சொல்லிலேயே தெரிகிறது. "முடிவில்லாமல்" என்பது ஒரு செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல். மெரினாவில் அலை முடிவில்லாமல் வருகிறது. எத்தனை வந்தாலும் அடுத்தது உண்டு. "முடிவிலி" அப்படி இல்லை. அது பெயர்ச்சொல். ஒப்பிலி, மதியிலி என்பதுபோல, முடிவு என்பது இல்லாத ஒன்றுக்கு வைத்த பெயர். முதல் சொல்லில் ஒரு வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதில் ஒரு பொருள் முழுதாக முன்னால் வந்து நிற்கிறது.

அரிஸ்டாட்டில் முதல் வகையை மட்டுமே ஏற்றார். எண்ணிக்கொண்டே போகலாம், ஆனால் எண்ணி முடிந்த முடிவிலி என்று ஒன்று கிடையாது என்பது அவர் நிலை. ஐரோப்பியக் கணிதம் பெரும்பாலும் அந்த வழியில்தான் நெடுங்காலம் நடந்தது. ∞ என்ற குறியை ஜான் வாலிஸ் 1655-இல் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் அந்தத் தயக்கம் போகவில்லை. 1831-இல் ஜெர்மானியக் கணித மேதை காஸ் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், முடிவிலியை முற்றுப்பெற்ற ஓர் அளவாகக் கையாள்வதைக் கணிதத்தில் அனுமதிக்கவே கூடாது என்று கண்டிப்பாக எழுதுகிறார். அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம்.

மிகப் பெரிய எண்ணும் முடிவிலியும் ஒன்றல்ல. பரிபாடலின் இரண்டாம் பாடலில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களின் பெயர்கள் வருகின்றன. ஊழிகளின் கணக்கைச் சொல்லப் பூவையும் வெள்ளத்தையும் எண்ணாக்கிய அந்தக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வெள்ளமும் ஓர் எண்தான். அதோடு ஒன்றைக் கூட்டினால் வெள்ளத்தைவிடப் பெரியது கிடைக்கும். கம்ப்யூட்டரில் இதை மறந்தால் என்ன ஆகும் என்று நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்குத் தெரியும். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. அதையே முடிவிலியாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டு, நடுவில் எங்கேயோ ஒன்று கூடிவிட்டால், பல மொழிகளில் அது சட்டென்று −2147483648 ஆகிவிடும். உச்சியில் இருந்தது பாதாளத்தில் கிடக்கும்.

சரி, காஸ் ஏன் பயந்தார்? முடிவிலியை ஓர் எண் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு 1 கூட்டினால் என்ன வரும்? முடிவே இல்லாததில் ஒன்று கூடி என்ன ஆகப் போகிறது, அதே முடிவிலிதான். அப்படியென்றால் ∞ + 1 = ∞. இப்போது பள்ளியில் படித்தபடி இரண்டு பக்கமும் ∞-ஐக் கழியுங்கள். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0. ஒன்றும் பூச்சியமும் சமம் என்று வந்துவிட்டது. அதை எந்த எண்ணால் பெருக்கினாலும் அந்த எண்ணும் பூச்சியமாகும். ஒரு வரியில் கணிதம் முழுக்கச் சரிந்துவிட்டது.

இதைப் பார்த்து "ஆகவே முடிவிலி எண் அல்ல" என்று நிறுத்துகிறவர்கள் ஒரு படி அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்தச் சரிவு உண்மையில் சொல்வது வேறு. ∞ + 1 = ∞ என்பதும், எதையும் எதிலிருந்தும் தாராளமாகக் கழிக்கலாம் என்பதும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. ஒன்றை அனுப்பியாக வேண்டும். எதை அனுப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

எண்களின் வரலாற்றில் இது புதிதும் அல்ல. குறை எண்களை ஒரு காலத்தில் "இல்லாததைவிடக் குறைவானது எப்படி இருக்கும்" என்று ஒதுக்கினார்கள். −1-இன் வர்க்கமூலத்துக்குக் கற்பனை எண் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அதை எண்ணாக ஏற்றபோது, எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று வரிசைப்படுத்தும் வசதியை விட்டுக்கொடுத்தோம். 1843-இல் ஹாமில்டன் கண்டுபிடித்த, நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களில் இரண்டை எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒரே விடை என்ற விதியும் போயிற்று. இயல் எண், முழு எண், விகிதமுறு எண், மெய்யெண், கலப்பெண் என்று ஒவ்வொன்றுக்கும் தெளிவான வரையறை உண்டு. வெறுமனே "எண்" என்பதற்குக் கணிதத்தில் அப்படி ஒரு பொது வரையறை கிடையாது. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான். முரண்பாடில்லாமல் நினைக்க முடிந்தால் அதை எண் வகையில் சேர்த்துக்கொள்ளலாமா என்பதுதான் ஒவ்வொரு முறையும் நடந்த விவாதம்.

இந்த இடத்தில் ராமானுஜன் வந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியும், அவர் பிறந்த நாளான தேசிய கணித நாளன்று, 1 + 2 + 3 + 4 + … என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 என்று ராமானுஜன் நிரூபித்தார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும். பாதி உண்மையோடு அது சுற்றுவதில் எனக்கு வருத்தம் உண்டு. 1913-இல் அவர் மெட்ராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா. அந்த ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் அந்த வரி வருகிறது. இதைச் சொன்னால் உடனே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்றும் அவரே எழுதுகிறார். ஆனால் அந்த வரிக்குள் இன்னொரு சொற்றொடர் இருக்கிறது, சுற்றும் செய்திகளில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்: "என் கோட்பாட்டின்படி."

அவர் நோட்டுப் புத்தகத்தில் உள்ள கணக்கு எளிமையானது. அந்தக் கூட்டலுக்கு ஒரு பெயர் வைத்து, அதன் நான்கு மடங்கை ஒன்று விட்டு ஒன்றாகப் பொருத்திக் கழித்தால் 1 − 2 + 3 − 4 + … என்று மாறும். அதற்கு ஒரு வாய்பாட்டின் மூலம் 1/4 என்று மதிப்புக் கொடுக்கலாம். ஆக, மைனஸ் மூன்று மடங்கு என்பது 1/4, எனவே மதிப்பு −1/12. சாதாரணக் கூட்டலின்படி 1, 3, 6, 10, 15 என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை எந்த எண்ணிலும் போய் நிற்காது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். சிதறிப் போகும் ஒவ்வொரு கூட்டலோடும் ஒரு மாறிலி ஒட்டியிருக்கிறது என்பது அவர் பார்வை. அந்த மாறிலியைத்தான் அவர் எழுதினார். ரீமானின் ஜீட்டா சார்பு −1 என்ற இடத்தில் எடுக்கும் மதிப்பும் அதே −1/12 தான். ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அந்தப் பக்கம் வந்திருந்தார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெற்றிடத்திலும் ஓர் இழுவிசை உண்டு என்று 1948-இல் காசிமிர் காட்டிய இயற்பியல் கணக்கிலும் இந்த வகைக் கூட்டல்கள் வருகின்றன.

மெட்ராஸில் குடியிருந்த, பட்டம் வாங்காத ஓர் இளைஞர், நேரில் பார்த்தே இராத ஒரு கணிதவியலாளருக்கு எழுதும்போதுகூட அந்த நிபந்தனையை விடவில்லை. அது சமாளிப்பு அல்ல. முடிவிலியைப் பற்றி எதைச் சொன்னாலும் எந்தக் கோட்பாட்டின்படி என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பொருளே கிடையாது.

அப்படிப் பார்த்தால் பாஸ்கராச்சாரியர் 1150 வாக்கில் ஒரு கோட்பாட்டின் வாசலில் நின்றிருக்கிறார். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவதை அவர் 'கஹரம்' என்கிறார். உலகங்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் இறைவனிடம் மாற்றம் இல்லாததுபோல, எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அதில் மாற்றம் இல்லை என்கிறார். பக்தி மொழியில் சொல்லியிருந்தாலும் அது ∞ + 1 = ∞ என்ற விதியேதான். அந்த விதியோடு எந்த விதியை வெளியே அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்யவில்லை.

அதை முடிவு செய்தவர் ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் இருந்த கணிதவியலாளர் கேன்டர். அவர் பிடித்துக்கொண்ட யோசனை மிக எளியது. கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் தலையை எண்ணுவதில்லை. ஒவ்வொரு இலைக்கும் ஓர் ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இலை என்று பொருந்தினால் இலையும் ஆளும் சமம். எண்ணாமலேயே சமம் என்று சொல்லிவிடலாம். எண்ணத் தேவையில்லை என்றால், எண்ணி முடியாதவற்றையும் ஒப்பிடலாம் அல்லவா?

இதில் உள்ள விசித்திரத்தைக் கலீலியோ 1638-இலேயே பார்த்திருந்தார். 1, 2, 3, 4 என்ற எண்களையும் 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட முடிகிறது. ஒரு பகுதி, முழுமைக்குச் சமமாகிறது. அதனால் பெரியது, சிறியது, சமம் என்ற சொற்களே முடிவிலிக்குப் பொருந்தாது என்று அவர் விலகிக்கொண்டார். கேன்டர் விலகவில்லை. பகுதி முழுமையைவிடச் சிறியது என்ற விதியை விட்டுக்கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க, ஹில்பர்ட் 1920-களில் முடிவில்லாத அறைகள் கொண்ட ஓர் ஓட்டலைக் கற்பனை செய்தார். நமக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் போதும். 1, 2, 3 என்று முடிவில்லாமல் அறைகள். எல்லாம் நிரம்பிவிட்டன. வேலை தேடி வந்த ஒருவர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். மேனேஜர் எல்லோரையும் அடுத்த அறைக்கு மாறச் சொல்கிறார். ஒன்றாம் அறைக்காரர் இரண்டுக்கு, இரண்டாம் அறைக்காரர் மூன்றுக்கு. முதல் அறை காலி. யாரையும் வெளியே அனுப்பவில்லை, எந்த அறையிலும் இரண்டு பேர் இல்லை.

அப்புறம் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்கள் வருகின்றன. முடிவில்லாத பஸ்கள், ஒவ்வொன்றிலும் முடிவில்லாத பயணிகள். இருக்கிறவர்களை 2, 4, 8, 16 என்ற அறைகளுக்கு மாற்றுங்கள். முதல் பஸ்ஸுக்கு 3, 9, 27, 81. இரண்டாவது பஸ்ஸுக்கு 5, 25, 125. அடுத்ததற்கு 7, 49, 343. இப்படி ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு பகா எண். பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிரூபித்துவிட்டார், அதனால் எந்தப் பஸ்ஸும் வாசலில் நிற்காது. எல்லோரும் உள்ளே போன பிறகும் 6, 10, 12, 14 என்று முடிவில்லாத அறைகள் காலியாகக் கிடக்கும்.

இந்த அறைகளின் எண்ணிக்கைக்குக் கேன்டர் வைத்த பெயர் அலெஃப் பூச்சியம். அதோடு ஒன்றைக் கூட்டினாலும், அதையே கூட்டினாலும், அதையே அதால் பெருக்கினாலும் அதேதான் வரும். கூட்டல் உண்டு, பெருக்கல் உண்டு, பெரியது சிறியது என்று ஒப்பிடலாம். கழித்தல் இல்லை. அலெஃப் பூச்சியத்திலிருந்து அலெஃப் பூச்சியத்தைக் கழித்தால் என்ன என்ற கேள்விக்கு அங்கே இடமே கிடையாது. அந்த ஒரு வழியை அடைத்ததால்தான் 1 = 0 என்ற விபத்து நடக்கவில்லை.

இவ்வளவு நெகிழ்வான ஒன்று எதைத்தான் விழுங்காது என்று தோன்றும். கேன்டருக்கும் முதலில் அப்படித் தோன்றியிருக்கலாம். 1874-இல் வெளியிட்ட கட்டுரையில், விழுங்க முடியாத ஒன்று இருக்கிறது என்று நிரூபித்தார். 1891-இல் அதையே இன்னும் எளிமையாகச் சொன்னார். கணிதத்தில் எனக்குத் தெரிந்த மிக அழகான வாதம் அதுதான், அதனால் நின்று சொல்கிறேன்.

ஆடி மாதம் அம்மன் கோயில் தெருவில் தொங்கும் சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரத்திலும் முடிவில்லாத பல்புகள். சில எரிகின்றன, சில அணைந்திருக்கின்றன. எரிவதும் அணைவதும் எந்த வகையில் வேண்டுமானாலும் அமையலாம். இப்போது ஒருவர் வந்து, சாத்தியமான எல்லாச் சரங்களையும் ஒன்று விடாமல் கட்டிவிட்டேன், முதல் சரம், இரண்டாம் சரம், மூன்றாம் சரம் என்று வரிசையாக இருக்கிறது என்கிறார். அவர் வரிசையில் இல்லாத ஒரு சரத்தை நான் கட்டுகிறேன். அவருடைய முதல் சரத்தின் முதல் பல்பைப் பார்க்கிறேன். எரிந்தால் என் முதல் பல்பை அணைக்கிறேன், அணைந்திருந்தால் எரியவிடுகிறேன். அவருடைய இரண்டாம் சரத்தின் இரண்டாம் பல்புக்கு எதிராக என் இரண்டாம் பல்பு. மூன்றாம் சரத்தின் மூன்றாம் பல்புக்கு எதிராக என் மூன்றாம் பல்பு. இப்படியே கடைசி வரை, அதாவது கடைசியே இல்லாமல்.

என் சரம் அவருடைய முதல் சரமாக இருக்க முடியாது, முதல் பல்பே வேறு. நூறாவதாகவும் இருக்க முடியாது, நூறாவது பல்பு வேறு. எந்த இடத்திலும் இருக்க முடியாது. எல்லாவற்றையும் கட்டிவிட்டேன் என்றாரே, இது எப்படி விட்டுப்போயிற்று? இதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், புது வரிசைக்கு எதிராக இன்னொரு சரம் கட்டுவேன். அவர் கட்டியவிதத்தில் பிழை இல்லை. 1, 2, 3 என்று வரிசைப்படுத்தவே முடியாத அளவுக்குச் சரங்கள் இருக்கின்றன. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள எண்களை எரிவதும் அணைவதுமாக எழுதினால் இந்தச் சரங்கள்தான் கிடைக்கும் என்பதால், ஓர் அங்குலக் கோட்டில் உள்ள புள்ளிகள் மேன்ஷனின் அத்தனை அறைகளைவிடவும் அதிகம். முடிவிலி ஒன்றல்ல. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, முடிவிலிகளுக்கே முடிவில்லை.

இதைக் கேட்டதும் ரயிலில் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப முடிவிலி ஒரு நம்பரான்னு நான் கேட்டதே தப்பா மாமா? எந்த முடிவிலின்னு கேட்கணுமா?" என்றாள். அதுதான்.

இன்னொரு வகை முடிவிலியை ரேஷன் கடை வரிசையில் பார்க்கலாம். முடிவில்லாமல் நீளும் வரிசையின் தலையில் புதிதாக ஒருவர் போய் நின்றால், எல்லோரும் ஓர் இடம் பின்னால் போவார்கள். வரிசையின் அமைப்பு பழையபடிதான். அவரே எல்லோருக்கும் பின்னால் நின்றால்? அவருக்கு முன்னால் முடிவில்லாத பேர் இருக்கிறார்கள், ஆனால் "எனக்கு நேர் முன்னால் நிற்பவர் இவர்" என்று அவரால் யாரையும் காட்ட முடியாது. முன்பு அந்த வரிசையில் அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே ஒன்றோடு முடிவிலியைக் கூட்டுவதும் முடிவிலியோடு ஒன்றைக் கூட்டுவதும் வேறு வேறு. இங்கே வெளியே போனது, எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடை என்ற விதி. அந்த முடிவில்லாத வரிசையின் அமைப்புக்குக் கேன்டர் ஒமேகா என்று பெயர் வைத்தார்.

நடைமேம்பாலத்தில் பார்த்த தண்டவாளங்களுக்கும் ஒரு கணிதம் உண்டு. இணைகோடுகள் முடிவிலியில் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன என்று அதையே விதியாக எடுத்துக்கொள்வது வீழ்ப்பு வடிவியல். எண்கோட்டுக்கும் அப்படி ஒரு புள்ளியைச் சேர்க்கலாம். சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பார்த்திருப்பீர்கள். அன்னமாகப் பிரமன் மேலே போகிறார், வராகமாகத் திருமால் கீழே போகிறார், முடியும் அகப்படவில்லை, அடியும் அகப்படவில்லை. எண்கோடும் அப்படித்தான், ஒரு பக்கம் கூட்டலாக, மறுபக்கம் கழித்தலாக. இரண்டு முனையிலும் தனித்தனியாக +∞, −∞ என்று இரண்டு புள்ளிகளை வைப்பது ஒரு முறை. கோட்டை வளைத்து இரண்டு முனைகளையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது இன்னொரு முறை. அதில் மேலே போனவரும் கீழே போனவரும் சந்தித்துவிடுவார்கள். இந்த இரண்டாவது முறையில் 1-ஐப் பூச்சியத்தால் வகுக்கலாம், விடை ∞. பதிலுக்கு, ∞ எல்லாவற்றையும்விடப் பெரியது என்று சொல்லும் உரிமை போய்விடும். இரண்டு பக்கத்திலும் இருப்பது எதைவிடப் பெரியது?

பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் முதல் முறை தெரியாமலேயே பழக்கம். தசம எண்களைக் கம்ப்யூட்டர் எப்படிக் கையாள வேண்டும் என்று 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையில் +∞, −∞ இரண்டும் உண்டு. 1-ஐப் பூச்சியத்தால் வகுத்தால் +∞. ∞-இலிருந்து ∞-ஐக் கழித்தால் "எண் அல்ல" என்ற தனி மதிப்பு வரும். ஜாவாஸ்கிரிப்டில் முடிவிலியின் வகை என்ன என்று கேட்டால் "நம்பர்" என்று பதில் வரும். அந்த "எண் அல்ல" என்பதன் வகையைக் கேட்டாலும் "நம்பர்" என்றே வரும். பைதானோ 1-ஐப் பூச்சியத்தால் வகுக்கவே விடாது, பிழை என்று நிறுத்திவிடும், ஆனால் முடிவிலியை நேரடியாக எழுதிக் கேட்டால் கொடுக்கும். இரண்டு மொழிகளும் இரண்டு முடிவு எடுத்திருக்கின்றன.

முடிவிலி அன்றாட வேலை செய்யும் இடம் வழி தேடும் கணக்கு. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறை இது. திருவொற்றியூரிலிருந்து தாம்பரத்துக்குக் குறுகிய வழி வேண்டும் என்றால், தொடக்கத்தில் திருவொற்றியூருக்குத் தூரம் 0, மற்ற எல்லாச் சந்திப்புகளுக்கும் ∞ என்று வைத்துக்கொண்டு தொடங்கும். ஒரு வழி தெரிந்ததும் பழைய தூரம், புதிய தூரம் இரண்டில் சிறியதை வைத்துக்கொள்ளும். கத்திப்பாராவுக்கு ∞ என்று இருந்த இடத்தில் எந்தத் தூரம் வந்தாலும் அது சிறியதுதான், ∞ சத்தமில்லாமல் விலகிவிடும். சாதாரணக் கூட்டலில் எதோடு சேர்த்தாலும் மாற்றம் செய்யாத எண் பூச்சியம். "சிறியதை எடு" என்பதையே கூட்டலாக வைத்துக்கொண்டால் அந்த வேலையைச் செய்வது முடிவிலி. அந்தக் கணக்கில் முடிவிலிதான் பூச்சியம்.

இதுவரை சொன்னவை எதிலும் கழித்தல் முழுதாகப் பிழைக்கவில்லை. கழித்தல் வேண்டும் என்றால் ∞ + 1 = ∞ என்பதை விட வேண்டும். 1960-களில் ஆப்ரகாம் ராபின்சன் கட்டிய மிகைமெய்யெண்களில் முடிவில்லாத எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரிய வேறோர் எண் கிடைக்கும். அதிலிருந்து அதையே கழித்தால் பூச்சியம். 1-ஐ அதால் வகுத்தால், பூச்சியத்தைவிடப் பெரியதும் எல்லாப் பின்னங்களையும்விடச் சிறியதுமான ஓர் எண். பள்ளிக் கணக்கின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் அத்தனையும் செல்லும். இங்கே இழந்தது நுட்பமானது: முடிவுள்ள எண்கள் எங்கே முடிந்து முடிவில்லாதவை எங்கே தொடங்குகின்றன என்று காட்ட அந்தக் கோட்டில் ஓர் எல்லைப் புள்ளி கிடையாது. 1970-களில் கான்வே உருவாக்கிய மீமெய்யெண்கள் இதையும் ஒமேகாவையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தன. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பரீட்சையில் ∞ − ∞ வந்தால் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். பாடப்புத்தகம் சொல்லும் "தேரப்பெறாத வடிவம்" என்பதைத்தான் எழுத வேண்டும், ஏன் என்பதையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் ஓர் எண்ணோடு 5-ஐக் கூட்டி, அதே எண்ணைக் கழித்தால் எப்போதும் 5. அதே எண்ணின் இரு மடங்கிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வளர்ந்துகொண்டே போகும். இரண்டுமே மேலோட்டமாக ∞ − ∞ தான். எல்லைக் கணக்கில் அந்த ∞ எப்படி அங்கே வந்தது என்ற வரலாறு தெரியாமல் விடை சொல்ல முடியாது.

மறுநாள் மாலை அவளே போன் செய்தாள். தேர்வைப் பற்றி இல்லை. மேன்ஷன் அறைகளைவிடக் கோட்டின் புள்ளிகள் அதிகம் என்றால், அறைகளைவிட அதிகமாகவும் புள்ளிகளைவிடக் குறைவாகவும் நடுவில் ஒரு முடிவிலி இருக்குமா என்று கேட்டாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. 1878-இல் கேன்டர் எழுப்பிய அதே கேள்வி. இல்லை என்றே அவர் நம்பினார், கடைசி வரை நிரூபிக்க முடியாமல் தவித்தார். 1900-இல் ஹில்பர்ட் புதிய நூற்றாண்டுக்கு வைத்த கணக்குகளின் பட்டியலில் இது முதலாவது. இன்று கணிதம் வழக்கமாக நிற்கும் அடிப்படை விதிகளை வைத்துக்கொண்டு, நடுவில் ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது என்பது கோடெல் 1940 வாக்கில் காட்டியது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்பது 1963-இல் பால் கோயன் காட்டியது. இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் முரண்பாடு வராது, இல்லை என்று வைத்துக்கொண்டாலும் வராது. அந்த விதிகள் முரணற்றவை என்ற வரை.

"அப்ப எந்தக் கோட்பாட்டின்படின்னு முதல்ல முடிவு பண்ணணும்" என்றாள். ஆமாம் என்றேன். புதிதாக எந்த விதியைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கு நியாயமான விடை கிடைக்கும் என்பதைத்தான் கணக் கோட்பாட்டு ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.